அண்ணனுக்கு எச்.ஐ.வி. என்று சொல்லிவிட்டார்கள், அண்ணியும் பாப்பாவும் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்வது?

ரிக் வண்டித் தம்பி, திருச்செங்கோடு

எல்லோருக்கும் வணக்கங்க. என் அண்ணன் போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். நம் பக்கத்து ரிக் போகாத மாநிலம் இல்லை, அவரும் வருசத்தில் முக்கால்வாசி சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வெளியில்தான் இருப்பார். போன மாதம் ஊருக்கு வந்தவர், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட குடலிறக்க ஆபரேஷனை இந்தத் தடவை முடித்துவிடலாம் என்றார், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, சர்க்கரை பார்ப்பார்கள் போல என்று நாங்களும் கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு சிஸ்டர் வராண்டாவுக்கே வந்து, பக்கத்துப் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்க, "உங்க அண்ணனுக்கு எச்.ஐ.வி. ரியாக்டிவ்னு வந்திருக்குது, இங்க ஆபரேசன் பண்ண மாட்டாங்க, வேற எடம் பாத்துக்கங்க" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தர் எங்களுக்குப் பக்கத்து ஊர்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணன் ரூமை விட்டு வெளியே வருவதில்லை. அம்மா அவருக்கென்று தனி வட்டல், தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். அவர் துணியைத் தனிப் பக்கெட்டில் ஊறப்போடுகிறார். பாப்பாவுக்கு நாலு வயசு, அவள் போய் அண்ணன் மடியில் உட்கார்ந்தால் அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு போகிறார், அவள் கத்துகிறாள், அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அண்ணிக்கு நேற்று ஒரு லேபில் பார்த்தோம், நெகட்டிவ். அப்படியென்றால் அண்ணி தப்பித்துவிட்டாரா? பாப்பாவுக்கும் பார்க்க வேண்டுமா? தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் ஒட்டாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. மருந்து வாழ்நாள் பூராவும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு செலவாகும், எத்தனை வருசம் இருப்பார் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமா ஒருத்தர் நாட்டு வைத்தியத்தில் முழுசாகக் குணமாகிவிடும் என்று நச்சரிக்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.


பவானிக்கரை, ஈரோடு

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மா விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். அவசரமான ஒன்று இருக்கிறது, அதை அண்ணியிடம் நீங்கள் கேட்க முடியாது, அண்ணனிடம் கேளுங்கள்: இரண்டு பேரும் கடைசியாக எப்போது சேர்ந்திருந்தார்கள்? 72 மணி நேரத்துக்குள் என்றால் மேற்கொண்டு படிக்காமல் அண்ணியைக் கூட்டிக்கொண்டு நேராக ஜி.ஹெச்.சுக்குப் போங்கள். தொற்று வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டிவிட்டால் தர மாட்டார்கள். ராத்திரி என்றாலும் அவசரப் பிரிவில் போய்க் கேட்கலாம்.

அது தாண்டிவிட்டது என்றால் பதட்டம் வேண்டாம், வரிசையாகப் பார்க்கலாம்.

உங்கள் கையில் இருக்கிற சீட்டு முடிவு கிடையாது. ஒரே ஒரு கிட்டில் ரியாக்டிவ் வந்ததை வைத்து ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லவே கூடாது. அரசு முறைப்படி மூன்று வெவ்வேறு கிட்டில் சோதித்து மூன்றிலும் வந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுப்போம். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத் திரும்ப வரச்சொல்லுவோம். இதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் நம்பிக்கை மையம், அதாவது அரசின் எச்.ஐ.வி. சோதனை மையம், திருச்செங்கோடு ஜி.ஹெச்.சிலோ நாமக்கல்லிலோ கேட்டால் காட்டுவார்கள், காசு கிடையாது. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கவுன்சிலர் பேசுவார், சம்மதம் கேட்பார், அப்புறம்தான் ரத்தம். கிட் என்பது விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் இருக்கும் சின்னக் குழியில் சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால், சி என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு வரும். அந்தக் கோடு வரவில்லை என்றால் கிட்டே சரியில்லை, வேறு எடுத்துத் திரும்பப் போட வேண்டும். பக்கத்தில் இரண்டாவது கோடும் விழுந்தால் ரியாக்டிவ், மங்கலாக விழுந்தாலும் ரியாக்டிவ்தான். அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். எச்.ஐ.வி. சோதனைக்காக 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த நிர்மலாவும் ரத்த மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரிய வந்ததே அப்படித்தான். இன்றைக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் சோதனை செய்துகொள்ளலாம்.

அண்ணி விஷயம். நெகட்டிவ் என்பது நல்ல சேதிதான், ஆனால் முழுசாக நம்ப இன்னும் நாளாகும். கிட்டில் தெரிவது வைரஸ் அல்ல, வைரஸை எதிர்த்து நம் உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள். அது தெரிகிற அளவுக்கு ஊற வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரை. வைரஸின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பார்க்கிற நான்காம் தலைமுறை லேப் சோதனையில் 45 நாளில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணன் வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், அதனால் கடைசியாகக் காண்டம் இல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கணக்குப் போட்டு அண்ணிக்குத் திரும்பப் பாருங்கள். அதுவரைக்கும் காண்டம் இல்லாமல் கூடவே கூடாது. அதற்குப் பிறகும் அண்ணிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுவார்கள்.

பாப்பாவுக்கு வர வேண்டுமென்றால் தாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வயிற்றில் இருக்கும்போதோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ. அண்ணியின் கடைசி சோதனையும் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் பாப்பாவைக் குத்தவே தேவையில்லை. அண்ணி கர்ப்பமாக இருந்தபோது செக்கப்பில் எச்.ஐ.வி. பார்த்திருப்பார்கள், அந்த அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள், மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

இப்போது அம்மா. எச்.ஐ.வி. இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு திரவம், ஆசனவாய் திரவம், தாய்ப்பால் இவற்றில்தான். பரவுகிற வழியும் அதே கணக்குத்தான்: காண்டம் இல்லாத உடலுறவு, ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது, சோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினால் 100-க்கு 90 பேருக்கு மேல் வந்துவிடும், அதே ரத்தம் பட்ட ஊசி ஆஸ்பத்திரி ஊழியர் கையில் தவறிக் குத்தினால் 1,000-த்தில் சுமார் மூன்று பேருக்குத்தான் வரும், வழியைப் பொறுத்து அவ்வளவு வித்தியாசம். எச்சில், வியர்வை, கண்ணீர் இவற்றில் பரவுகிற அளவுக்கு வைரஸ் இல்லை. உடம்பை விட்டு வெளியே வந்தால் அது தாக்குப்பிடிக்காது, வட்டலிலும் துணியிலும் உட்கார்ந்துகொண்டு காத்திருக்காது. கொசு கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் நமக்குள் விடுகிறது, முன்னால் குடித்த ரத்தத்தை அல்ல, அதோடு கொசுவின் உடம்புக்குள் இந்த வைரஸ் பெருகவும் பெருகாது. சவர பிளேடும் பல் தேய்க்கும் பிரஷும் மட்டும் அண்ணனுக்குத் தனியாக இருக்கட்டும், அது எல்லோருக்குமே தனியாகத்தான் இருக்க வேண்டும். மற்றபடி அந்தத் தனி வட்டலை இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள். பாப்பாவை மடியில் விடுங்கள்.

ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர் என்றாலே வேறு மாதிரி பார்த்த காலம் ஒன்று இருந்தது, பெண் கொடுக்கவே யோசித்தார்கள். இது தொழிலைப் பார்த்து வருகிற நோய் இல்லை. எங்கே எப்படி வந்தது என்று அண்ணனை யாரும் குடைய வேண்டாம், அது அவருக்கும் கவுன்சிலருக்கும் இருக்கட்டும்.


காங்கயம் காளை

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம், அலோபதி மருந்தை ஆரம்பித்தால் அப்புறம் நிறுத்தவே முடியாது, ஈரலும் கிட்னியும் போய்விடும். எங்கள் ஒறம்பரையில் ஒருத்தருக்கு இதே பிரச்சினை, மூலிகைச் சூரணம் சாப்பிட்டு நல்லா எடை போட்டார், இப்போது தோட்ட வேலை பார்க்கிறார். மாமா சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.


பனியன் ஊர் அக்கா, திருப்பூர்

காங்கயம் அண்ணா, நல்ல மனசில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதை நம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மருந்தே எடுக்காமல் எட்டுப் பத்து வருசம் கூட நல்லா இருப்பவர்கள் உண்டு, அந்த நாளில் எதைச் சாப்பிட்டாலும் அதனால்தான் நன்றாக இருக்கிறோம் என்று தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்பது எடையில் தெரியாது, சி.டி.4 என்கிற எதிர்ப்பு அணு எண்ணிக்கையிலும், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டுகிற வைரல் லோடிலும்தான் தெரியும். உங்கள் சொந்தக்காரரை அந்த இரண்டையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவேன் என்று எந்த மருந்துக்கும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்துச் சட்டத்திலேயே இருக்கிறது.

தம்பி, உங்கள் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் அப்படித்தான் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அது இலவச மருந்து வருவதற்கு முன்னால். அப்போது எச்.ஐ.வி.க்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டிய மூன்று மருந்தையும் வாங்கிச் சாப்பிடுவது எங்களை மாதிரி கட்டிங் டேபிளில் நிற்பவர்களால் ஆகிற காரியமில்லை. வெளிநாட்டில் 1996-லேயே கூட்டு மருந்து வந்துவிட்டது, ஒருத்தருக்கு வருசத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. 2001-ல் நம் மும்பை சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் உலகத்திலேயே விலை சரிந்தது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாகத் தர ஆரம்பித்தது, தொடங்கிய இடங்களில் தாம்பரம் ஒன்று. இன்றைக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் எங்கேயும் எச்.ஐ.வி. மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது, மாத்திரைக்கு ஒரு பைசா கிடையாது.

நான் ஆரம்பித்தபோது கொடுத்த மருந்து கடுமை, அதை மறைக்க மாட்டேன். காலையும் ராத்திரியும் சாப்பிட வேண்டும். ஸ்டாவுடின் என்ற ஒன்று இருந்தது, கன்னத்துச் சதையெல்லாம் வற்றி முகம் ஒட்டிப்போனது, பாதம் தீயில் வைத்த மாதிரி எரியும். கம்பெனியில் பெண்கள் என் முகத்தைப் பார்த்தே ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு டெனோஃபோவிர், எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள், அது ராத்திரிக்கு ஒன்று, போட்டதும் தலை கிறுகிறுக்கும், விடிய விடியக் கனவு. இப்போது தருவது டி.எல்.டி., டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. எனக்கு இது எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. காங்கயம் அண்ணா சொல்கிற ஈரல், கிட்னி பயம் பழைய மருந்துக் காலத்துப் பேச்சு, இப்போதும் கிட்னிக்கு கிரியாட்டினின் பார்த்துக்கொண்டேதான் தருகிறார்கள்.

எத்தனை வருசம் என்று கேட்டீர்கள். சீக்கிரம் ஆரம்பித்து நாள் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்கள் ஆயுசுக்குக் கிட்டத்தட்ட இவருக்கும் உண்டு. என் பையனுக்குப் பதினெட்டாம் மாதம் பார்த்த கடைசி சோதனையில் இல்லை என்று வந்தது, இன்றைக்கு அவன் வேலைக்குப் போகிறான், அவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பெல்லாம் சி.டி.4 இறங்கட்டும் என்று காக்க வைப்பார்கள், 2017-லிருந்து அந்தக் கதை இல்லை, பாசிட்டிவ் என்று உறுதியானால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் மருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மையத்தில் போய் நிற்கத்தான் கூச்சமாக இருக்கும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவள்தான் நானும். அங்கே வருகிற எல்லோரும் அதே காரியத்துக்குத்தான் வருகிறார்கள், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போங்கள் தம்பி, அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.


ரிக் வண்டித் தம்பி, திருச்செங்கோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. திங்கட்கிழமை நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்றிலும் ரியாக்டிவ். அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சீட்டு கொடுத்தார்கள், அங்கே இருமல் இருக்கிறதா, காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நிறைய ரத்தம் எடுத்தார்கள், சி.டி.4 310. டி.எல்.டி. ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள், நேற்று ராத்திரியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அண்ணியோடு சேர்ந்தது 72 மணி நேரமெல்லாம் தாண்டிவிட்டது, அதனால் மூன்று மாதக் கணக்கைக் குறித்து வைத்துவிட்டோம்.

இன்னும் சில சந்தேகம். அண்ணனுக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலை ஒன்று ராத்திரி ஒன்று, இரண்டும் 1,000 மில்லி கிராம், ஓட்டல் சாப்பாட்டால் நெஞ்செரிச்சல், அதற்கு ஜெலுசில் குடிப்பார். மையத்தில் இதைச் சொல்ல மறந்துவிட்டோம். அந்த ஆபரேஷனை இனி எங்கே செய்வது? அண்ணி இன்னொரு குழந்தை வேண்டும் என்று முன்னாடியிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், இனி அது முடியுமா என்று கேட்டு அழுகிறார். நன்றாக ஆன பிறகு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். அவர் திரும்ப ரிக்குக்குப் போனால் வெளிமாநிலத்தில் மாத்திரைக்கு என்ன செய்வது?


மருந்துச்சீட்டு, கோவை

நான் பார்மசிஸ்ட், ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கிற வேலையில் இருந்திருக்கிறேன். முதலில் மெட்ஃபார்மின், ஏனென்றால் அது நாளைக்கே சரிசெய்ய வேண்டியது. டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை ஏற்றிவிடும். இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது, அண்ணன் 2,000 எடுக்கிறார். தானாக நிறுத்த வேண்டாம், மையத்து டாக்டரிடமோ சர்க்கரை டாக்டரிடமோ நாளைக்கே காட்டினால் அளவைக் குறைத்து வேறு ஏதாவது சேர்ப்பார்கள். ஜெலுசில் மாதிரி அலுமினியம், மெக்னீசியம் இருக்கிற மருந்தைக் கூடவே குடித்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராமல் போய்விடும். டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும், அதை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் டி.எல்.டி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு டி.எல்.டி.யுடன் சேர்த்துப் போடலாம், வெறும் வயிற்றில் வேண்டாம். பின்னாளில் டி.பி. வந்து ரிஃபாம்பிசின் எழுதினால் டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும், எந்த டாக்டரிடம் போனாலும் டி.எல்.டி. சாப்பிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது டி.பி.தான், அதனால்தான் அந்த நாலு கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். டி.பி. இல்லை என்று உறுதியானதும் அது வராமல் தடுக்கவும் மாத்திரை தருவார்கள், அதை விட்டுவிட வேண்டாம்.

நிறுத்தலாமா என்பதற்கு வருகிறேன். இந்த வைரஸ் சி.டி.4 என்ற வெள்ளை அணுவுக்குள் புகுந்து, தன் மரபுச் சரட்டை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, நம் அணுவின் டி.என்.ஏ.வோடு பின்னிக்கொள்கிறது. படியெடுப்பதை டெனோஃபோவிரும் லாமிவுடினும் மறிக்கின்றன, பின்னிக்கொள்வதை டோலுடெக்ராவிர் மறிக்கிறது. ஆனால் ஏற்கனவே பின்னிக்கொண்டு தூங்குகிற அணுக்களை எந்த மருந்தும் தொடுவதில்லை. நம் தோட்டத்துக் கோரைக்கிழங்கு மாதிரிதான், மேலே எத்தனை தடவை கொத்தினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், கொத்துவதை நிறுத்தினால் சில வாரத்தில் தோட்டம் பூராவும் கோரை. அதுகூடப் பரவாயில்லை, விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிப்போய் இதே மாத்திரை பிறகு வேலை செய்யாமலும் போகலாம். மஞ்சள் காமாலை பி வகை இருந்தால் நிறுத்துவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கும், நிறுத்தினால் ஈரல் வீங்கிக் கிளம்பும். ஆக, நிறுத்தவே வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடட்டும், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

இரண்டாவது குழந்தை. முடியும் என்று அண்ணியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் வைரல் லோட் எடுப்பார்கள். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. குறைவாகப் பரவும் என்று சொல்லவில்லை, பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள ஜோடிகளை வருசக்கணக்கில் தொடர்ந்து பார்த்த பார்ட்னர் ஆய்வில், மருந்தில் அடங்கிய துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் போகவில்லை. அதனால் அந்த ரிசல்ட் வரும்வரை காண்டம், அப்புறம் மையத்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இயல்பாகவே குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆய்வில் பார்த்தது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும், இதை அண்ணனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஆபரேஷன். எச்.ஐ.வி. இருக்கிறது என்று சிகிச்சையை மறுப்பது சட்டவிரோதம், 2017-ல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் அதை நேராகச் சொல்கிறது. சம்மதம் கேட்காமல் சோதித்தது தப்பு, எழுத்தில் சம்மதம் வாங்காமல் வராண்டாவில் வைத்து உங்களிடம் சொன்னதும் தப்பு. ரத்தத்தைக் கையாளும்போது எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான், எனவே அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயமே இல்லை. புகார் கொடுப்பதா என்பதை அண்ணன் முடிவு செய்யட்டும், பேர் வெளியே வருமோ என்ற பயம் அவருக்கு இருக்கும், புகார் விசாரணையில்கூட அடையாளத்தை மறைக்கக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. குடலிறக்கம் இப்போது வலியில்லாமல் இருந்தால் சி.டி.4 கொஞ்சம் ஏறிய பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், ஏ.ஆர்.டி. டாக்டரே சர்ஜனுக்கு எழுதிக் கொடுப்பார். இறங்கிய இடத்தில் கடுத்து வலித்து வாந்தியும் வந்தால் மட்டும் அன்றைக்கே அவசரமாகப் போங்கள்.


பனியன் ஊர் அக்கா, திருப்பூர்

வெளிமாநிலத்துக்கு நான் சொல்கிறேன், எங்கள் கூட்டத்தில் லாரிக்காரர் நிறையப் பேர். ஆரம்பத்தில் மாதா மாதம் வரச்சொல்லுவார்கள், அதனால் முதல் சில மாதம் அண்ணன் உள்ளூர் வண்டியில் ஓடினால் நல்லது, அல்லது ஆறு மாத வைரல் லோட் வரைக்காவது பக்கத்து மாவட்ட வேலையாகப் பார்க்கட்டும். நிலைமை சீரான பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே கொடுப்பார்கள். அதற்கு மேலும் வெளியே இருக்க வேண்டி வந்தால் கவுன்சிலரிடம் போகிற ஊரைச் சொன்னால் அங்கே வாங்குவதற்கு எழுதிக் கொடுப்பார், இந்தியா பூராவும் ஏ.ஆர்.டி. மையத்தில் இதே மாத்திரைதான், இலவசம்தான். ஏ.ஆர்.டி. மைய நோட்டைக் கையோடு வைத்திருக்கட்டும், செல்லில் ஒரு போட்டோவும் எடுத்து வைக்கட்டும். திக்குத் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் 1097-க்குப் போன் செய்தால் பக்கத்து மையம் எங்கே என்று சொல்லுவார்கள், அதற்கும் காசு கிடையாது.

அம்மாவை அடுத்த தடவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணன் சம்மதித்தால் கவுன்சிலரே பேசுவார். நாம் நூறு தடவை சொல்வதை விட அங்கே ஒரு தடவை கேட்டால் பெரியவர்கள் நம்புவார்கள், என் மாமியார் அப்படித்தான் மாறினார், பிறகு எனக்கு அரிசிம்பருப்பு சாதம் பிசைந்து அவர் வட்டலிலேயே கொடுத்தார். சாப்பாட்டில் பத்தியம் எதுவும் கிடையாது, சர்க்கரைக்குச் சொன்னதை மட்டும் பார்த்தால் போதும், குடி மட்டும் வேண்டாம், குடித்த ராத்திரிதான் மாத்திரை மறக்கும்.

வண்டியில் மாத்திரையை டேஷ்போர்டு மேல் வைக்கச் சொல்லாதீர்கள், ராஜஸ்தான் வெயிலுக்கு ஆகாது, 30 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. சீட்டுக்குப் பின்னால் துணிப்பைக்குள் இருக்கட்டும். டப்பாவிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்து வைக்கவும் கூடாது, உள்ளே ஈரம் இழுக்க ஒரு சின்னப் பை இருக்கும், அதைத் தூக்கி எறியாமல் டப்பாவிலேயே விடச் சொல்லுங்கள். டப்பா மேல் இருக்கிற பேரை யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.